எட்டாம் வகுப்புத் தாளும் பாமன்கடை ரீச்சரின் காரும்

“உம்மட சேர்ட்டிபிக்கட்டை டாஷ்போர்ட்டில ஒட்டி விட்டா கார் குளிருமோ, பிள்ளை?”

வெள்ளவத்தையில் கராஜ் வைத்திருக்கும் கனகு அண்ணை என்னை வேலைக்கு எடுக்கும்போது கேட்ட முதல் கேள்வி இது. கடைசிக் கேள்வியும் இதுதான். நான் நிமிர்ந்து நின்று, “ஒட்டத் தேவையில்ல அண்ணே. ஏசியில என்ன கோளாறுன்னு அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவேன்” என்றேன். (ஐந்து நிமிடம்! பிறகு ஒரே ஒரு காருக்கு மூன்று நாள் எடுத்தேன். அதிலும் கோளாறு காருடையது அல்ல, என்னுடையது.)

நான் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, துறைமுகத்தை ஒட்டிய கொச்சிக்கடைக் கிடங்குகளில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கொட்டாஞ்சேனையில் மூன்று வீடுகளில் சமைக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாததால், பஸ் நம்பர்களை இலக்கமாக அல்ல, முகமாக நினைவு வைத்திருப்பவர். வாகன ஏசி திருத்தும் டிப்ளோமாவை நான் முடித்த அன்று, அப்பா துறைமுக வாசலில் நின்று, போகிற வருகிற லொறிக்காரர் எல்லோரிடமும், “எம் மக ஏசி எஞ்சினியரு” என்று அறிவித்துவிட்டார்.

“அப்பா, நான் எஞ்சினியர் இல்ல.”

“அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். லொறிக்காரனுக்கு எதுக்கும்மா?”

நானும் அதற்கு மேல் திருத்தவில்லை. (கேட்க நன்றாகத்தான் இருந்தது.)

கனகு அண்ணையின் ஏற்பாடு எளிமையானது. மூன்று மாதம் பார்ப்பார். பிடித்தால் நிரந்தரக் கடிதம், பிடிக்காவிட்டால் ஒரு தேநீரும் வாழ்த்தும். முதல் இரண்டு மாதம் தலைமை மெக்கானிக் சுனில் அய்யேவுக்கு (சிங்களத்தில் அண்ணனுக்கு அய்யே) ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது மாதத்தின் நடுவில்தான், “இண்டைக்கு நீர் தனியச் செய்யும்” என்று ஒரு காரைத் தந்தார். பாமன்கடை ரீச்சரின் கார்.

ரீச்சர் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனகு அண்ணைக்கே படிப்பித்தவர். பாமன்கடையில் அவர் குடியிருக்கும் ஒழுங்கையில் உள்ள அத்தனை கார்களும் எங்கள் கராஜுக்கு வருவது அவர் சொல்லித்தான். அவர் போனால் ஒழுங்கையே போய்விடும். ஆகவே அந்தக் காரை என் கையில் தந்தது நம்பிக்கையா, பரீட்சையா என்று எனக்கு விளங்கவில்லை. முதல் தனி வேலை என்ற சந்தோசத்தில் விளங்கிக்கொள்ளவும் முயலவில்லை.

அன்று விடியற்காலை அம்மா ஒரு பொட்டலம் தந்தார். “மொத மொத நீயா தொடுற வண்டி. இத உள்ள வச்சிட்டு அப்பறமா கைய வையி.” உள்ளே கோயில் திருநீறு, கொச்சிக்கடை அந்தோனியாரிடம் வைத்து எடுத்த இரண்டு காய்ந்த பூ. (கடவுள்கள் விஷயத்தில் அம்மா கட்சி பார்ப்பதில்லை.) எந்தச் சாமான் கிடைத்தாலும் என் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கிழித்து, அதில் சுற்றி, சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போடுவது அம்மாவின் வழக்கம்.

டிப்ளோமாக்காரிக்கு இது வெட்கம். ஆனாலும் யாரும் பார்க்காத நேரத்தில் பொட்டலத்தை ரீச்சரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு ஒயில் மாற்றினேன். பிரேக் பார்த்தேன். அந்தப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் பழைய ஏசி பில்ட்டரை உருவினேன். சரியாகப் பாதி வேலையில் சுனில் அய்யே எட்டிப் பார்க்க, அவசர அவசரமாகப் புதியதைப் போட்டுப் பெட்டியை மூடினேன். ரீச்சர் வந்து காரை எடுத்துப் போனார். நான் வீட்டுக்குப் போய், அப்பா வாங்கிவந்த கேக்கைச் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, திங்கட்கிழமை, ரீச்சர் திரும்பி வந்தார்.

“கனகு, என்னடாப்பா இது? சேர்விஸுக்கு முதல் ஒரு குறையும் இல்லை. இப்ப ஏசியைப் போட்டா டர்ர்ர் எண்டு சில்வண்டு மாதிரிக் கத்துது. காத்து வருதே இல்லை. அதோட…” ரீச்சர் குரலைத் தாழ்த்தினார். “கோயில் மணம் மணக்குது.”

கனகு அண்ணை என்னைப் பார்த்தார். நான் என் நோட்டைப் பார்த்தேன். எங்கள் பயிற்சியில் மணங்களுக்கென்றே ஓர் அட்டவணை தந்திருந்தார்கள். நனைந்த சப்பாத்து மணம் என்றால் கூலிங் கொயிலில் பூஞ்சணம். இனிப்பு மணம் என்றால் எஞ்சின் தண்ணீர் கசிவு. கருகல் மணம் என்றால் வயர். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு தரம் தேடினேன். கோயில் மணம் இல்லை.

“வெள்ளிக்கிழமை என்ர அக்கா கனடாவிலயிருந்து வாறா” என்றார் ரீச்சர். “பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வாறா. கட்டுநாயக்கா எயார்போர்ட்டிலயிருந்து இந்தக் காரிலதான் கூட்டிக்கொண்டு வரோணும். அவவுக்கு இழுப்பு வேற, தூசு ஆகாது. வெள்ளிக்கு முதல் எனக்கு இது குளிரோணும்.”

அக்காவும் தங்கையும் பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு கல்யாணத்தில் முன் வரிசைக் கதிரை யாருக்கு என்ற சண்டை. சுனில் அய்யே சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மூன்று மாதம் முடிவது அக்கா வரும் வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை. அது எனக்குச் சொல்லாமலே தெரியும்.

ஆரம்பித்தேன். காஸ் அழுத்தத்தைப் பார்த்தேன், சரி. கொம்பிரசர் சுற்றியது. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் விசிறியும் சுற்றியது. கம்பியூட்டரைக் காரில் பொருத்திக் கேட்டேன், தனக்கு ஒரு குறையும் இல்லை என்றது. எல்லாம் சரியாக இருந்தால் குளிர வேண்டும். குளிரவில்லை. காற்று வரும் துவாரத்தில் வெப்பமானியைச் செருகினால், ஏழு காட்ட வேண்டிய இடத்தில் பதினெட்டுக் காட்டியது. காற்றோ, யாரோ தூரத்தில் நின்று பெருமூச்சு விடுவதுபோல வந்தது.

அந்தக் கார் ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்தது. ஏசி பட்டன்களில் எல்லாம் ஜப்பானிய எழுத்து. கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று முடிவு செய்து, தொலைபேசியைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். ஒரு பட்டன் ‘உள்ளே’ என்றது. ஒன்று ‘மேகத்தை அகற்று’ என்றது. இன்னொன்று ‘விருந்தினரின் பாதங்கள்’ என்றது. விருந்தினரின் பாதங்களை நான்கு தரம் அமர்த்தினேன். பாதங்களுக்கும் பெருமூச்சுத்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை பற்றரியைக் கழற்றி மாட்டினேன். கார் ஒரு ஜப்பானியப் பெண்ணின் குரலில் எனக்கு வணக்கம் சொன்னது. கூடவே ரீச்சர் ரேடியோவில் சேமித்து வைத்திருந்த காலை பக்திப் பாடல் அலைவரிசையும் அழிந்துபோனது. (குற்றப்பத்திரிகையில் இன்னொன்று.)

அன்று முழுவதும் கனகு அண்ணை கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னேன். பத்து மணிக்கு கொம்பிரசர். பதினொன்றரைக்குக் காஸ். சாப்பாட்டுக்குப் பிறகு வயர். தேநீர் நேரத்தில், வெட்கத்தோடு சொல்கிறேன், “குளிர் நாட்டுல பழகின கார் அண்ணே, கொழும்பு ஈரம் ஒத்துக்கலயோ என்னமோ” என்றேன்.

“பிள்ளை,” என்றார் கனகு அண்ணை, “நீர் காருக்கு வைத்தியம் பாக்கிறீரோ, சாதகம் பாக்கிறீரோ?”

சுனில் அய்யே மட்டும் சிரிக்கவில்லை. டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்திலேயே விட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “நங்கி, சேர்விஸில நீங்க கை வெச்ச எடம் பாத்ததா?”

“அது நான் போட்டது அய்யே. அதுல பிழை இருக்காது.”

“சரி” என்று அவர் பீடியைப் பற்றவைத்தார். அந்தச் சரிக்குள் எவ்வளவு இருந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. அந்தக் காரில் நான் திறக்காத ஒரே இடம், நான் ஏற்கெனவே திறந்த இடம்தான். பார்த்த வேலையைத் திரும்பப் பார்ப்பது, பார்க்கத் தெரியாதவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

புதன்கிழமை நடுப்பகலில் ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். பயிற்சியில் சொன்ன முறைப்படி: நல்ல வெயில், கண்ணாடி எல்லாம் மூடி, காற்றை உச்சத்தில் வைத்து, துவாரத்தில் வெப்பமானி. “என்ர கண்ணால பாக்கோணும்” என்று ரீச்சரும் ஏறினார். ரீச்சர் ஏறியதால் கனகு அண்ணையும் ஏறினார். சுனில் அய்யே ஓட்டினார். நான் அவருக்குப் பக்கத்தில், வெப்பமானியும், வேலை விவரம் எழுதும் ஜொப் கார்ட்டும் கையுமாக.

காலி நகருக்குப் போகும் காலி வீதியில், வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட, வழக்கம்போல ஒன்றும் நகரவில்லை. உள்ளே நாங்கள் இடியப்பம்போல அவிந்துகொண்டிருந்தோம். பதினெட்டு. பதினெட்டு. பத்தொன்பது.

“கூடுதே!” என்றார் ரீச்சர்.

“எங்க, காட்டும்” என்று கனகு அண்ணை இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் தலையை நீட்டினார். அவர் முகம் நடுத் துவாரத்துக்கு நேரே இருந்தது. “பிள்ளை, காத்து உச்சத்திலதானே—”

“இன்னும் ஒரு படி இருக்கு அண்ணே” என்று திருகினேன்.

சில்வண்டு ஒரு கணம் நின்றது. பிறகு உள்ளே ஏதோ ‘பட்’ என்றது. எல்லாத் துவாரங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வெள்ளையாக ஒரு மேகம் புறப்பட்டது. கனகு அண்ணையின் வாய் திறந்தபடி இருந்தது. ‘தானே’க்குப் பிறகு அவர் என்ன சொல்ல நினைத்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூடிய கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. புகை என்று நினைத்தேன். புகை இப்படி மணக்காதே என்றும் நினைத்தேன். மேகத்தை அகற்றும் பட்டனை அமர்த்தினேன், மேகம் கூடியது. வெளியே யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சுனில் அய்யே இறக்கினார். போக்குவரத்துப் பொலிஸ்காரர்.

“மொகத மே?” (என்ன இது?) என்றார் அவர், உள்ளே இருந்த நான்கு வெள்ளை உருவங்களைப் பார்த்து.

“ஏசி எக்க, சேர்” என்று ஏசியைக் காட்டினார் சுனில் அய்யே. இமைகூட வெள்ளை.

பொலிஸ்காரர் ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுவது என்று தெரியாத முகம்.

காரை ஓரம் கட்டியபோதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. “நல்லூர்க் கந்தா!”

திரும்பினேன். முழு வாழ்நாளும் விஞ்ஞானம் படிப்பித்த ரீச்சர், கண்ணை மூடி, தன் கையில் படிந்ததைத் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டிருந்தார். “திருநீறு, கனகு! நான் அக்கா வரோணும் எண்டு நேந்தனான். அவ ரிக்கற் போட்ட கிழமையிலயிருந்துதான் இந்த மணம். நான் ஒரு மோட்டுச்சி, ஏசிப் பிழை எண்டு நினைச்சிட்டன்!”

கனகு அண்ணை இருமி முடித்து, நிலைமையை ஒரு கணத்தில் கணக்கிட்டார். “ஓம் ரீச்சர்,” என்றார், “அருள்தான். வேற என்ன?”

அப்போது என் மடியில் ஒரு தாள் துண்டு வந்து விழுந்திருந்தது. ஓரமெல்லாம் அரைபட்ட கோடுபோட்ட கொப்பித் தாள். அதில் ஒரு முனை சிவப்பு நூல். எழுத்து என்னுடையது.

மூன்று நாளும் புரியாதது எல்லாம் ஒரே மூச்சில் புரிந்தது. பில்ட்டரை உருவிய ஓட்டைக்குள் அம்மாவின் பொட்டலம் விழுந்திருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் காற்றடிக்கும் விசிறி. பொட்டலத்தோடு மல்லுக்கட்டித்தான் அது சில்வண்டாகக் கத்தியிருக்கிறது. காற்றை அடைத்ததும் அதுதான், மணத்ததும் அதுதான். உச்சத்தில் வைத்ததும் பொட்டலம் கிழிந்துவிட்டது.

தாளைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். ஆம், ஒளித்தேன். ரீச்சருக்குக் கோபம் இல்லை. கனகு அண்ணைக்கு வாடிக்கை போகவில்லை. எனக்குக் கடிதம் வரும். கந்தனே பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு வேலையில் நான் ஏன் குறுக்கே வர வேண்டும்?

“இனி ஒருத்தரும் இந்தக் காரில கை வைக்கக் கூடாது” என்றார் ரீச்சர். “ஒண்டையும் கழற்றாதேங்கோ, கழுவாதேங்கோ. அக்காவை இப்பிடியே கூட்டிக்கொண்டு வருவன். கண்ணாடியும் திறக்க மாட்டன். முழுக்க அவவிலயும் படட்டும்.”

முழுக்க. இழுப்புக்காரி. மூடிய கார். கட்டுநாயக்காவிலிருந்து பாமன்கடை வரை.

கையை விரித்தேன். “ரீச்சர், இது சாமி அனுப்பல. எங்கம்மா அனுப்பினது.”

வெளியே சந்தையில் மீன் விலை கூவிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை எல்லாம் சொன்னேன். பொட்டலம், பெட்டி, பில்ட்டர், என் வெட்கம். கனகு அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். ரீச்சர் கையை நீட்டித் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் பக்தையிலிருந்து மெல்ல மெல்ல ரீச்சராக மாறுவதை நான் பார்த்தேன்.

“‘வெப்பமானது குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லும்.’” தலையை நிமிர்த்தினார். “ஆர் இதை எழுதினது?”

“நான்தான் ரீச்சர். எட்டாம் வகுப்புல.”

“பிழை போட்டிருக்கு.”

“ஆமா ரீச்சர்.” (வெள்ளவத்தையில் ‘ஓம்’, கொட்டாஞ்சேனையில் ‘ஆமா’ என்று பேசுகிறவள் நான். பயத்தில் கொட்டாஞ்சேனை வந்துவிட்டது.)

“இதை எழுதிப்போட்டு ஏசி திருத்த வந்தனீரோ?”

சுனில் அய்யே ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குலுங்கினார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“சரி, இப்ப சொல்லும்” என்றார் ரீச்சர். “வெப்பம் எங்கயிருந்து எங்க போகும்?”

காலி வீதி ஓரத்தில், மூக்கு நுனியில் திருநீறோடு, ஒரு பொலிஸ்காரரும் இரண்டு மீன்காரரும் கண்ணாடி வழியாகப் பார்க்க, நான் வாய்மொழிப் பரீட்சைக்குத் தோற்றினேன். சூட்டிலிருந்து குளிருக்குத்தான் தானாகப் போகும் என்றேன். அதை எதிர்ப்பக்கம் தள்ளத்தான் ஏசிக்கு கொம்பிரசர் தேவை, காருக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது என்றேன். காற்று கொயிலைத் தொடாவிட்டால் அள்ள முடியாது, அதனால்தான் அழுத்தம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே இப்போதுதான் முழுதாக விளங்குவதுபோல இருந்தது.

ரீச்சர் என் சட்டைப் பையிலிருந்து ஜொப் கார்ட் எழுதும் சிவப்புப் பேனையை உருவினார். தாளில் பழைய பிழைக் குறிக்குக் கீழே ஒரு சரிக் குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

“இனிப் போய் அதைக் கழற்றும்.”

மாலை வரை கழற்றினோம். விசிறிக்குள் மீதித் தாள், பூவின் காம்பு, சிவப்பு நூல். முடிச்சு மட்டும் அவிழவே இல்லை. (அம்மாவின் முடிச்சு அப்படி.) ஈரமான கொயிலில் திருநீறு களிபோல அப்பியிருந்தது. நுரை அடித்துக் கழுவியபோது காருக்கடியில் இருக்கும் குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் வடிந்தது. “நங்கி, கார் பால் குடுக்குது” என்றார் சுனில் அய்யே. கடைசியில் வெப்பமானி ஏழு காட்டியது. அந்த ஏழை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ரீச்சரின் அக்கா வந்தார், குளிரக் குளிர வீடு போனார். வழி முழுவதும் தங்கை இந்தக் கதையைச் சொல்ல, கதிரைச் சண்டைக்கு நேரம் கிடைக்கவில்லையாம். சனிக்கிழமை எனக்குக் கடிதமும் வந்தது, ஆனால் நிரந்தரக் கடிதம் அல்ல. ‘இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்’ என்று கனகு அண்ணை தன் கையாலேயே எழுதியிருந்தார். அந்த ஒரு மாதத்தில் நான் கைவைத்த ஒவ்வொரு இடத்தையும் இரண்டு தரம் பார்த்தேன். நிரந்தரக் கடிதம் பிறகு வந்தது. இப்போது எங்கள் ஜொப் கார்ட்டில் ஜாக்கி, உதிரி டயர், ரேடியோ என்ற வரிசைக்குக் கீழே, ‘சாமிச் சாமான்கள்: உண்டு / இல்லை’ என்று தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்திருக்கிறது. அந்த வரியை வாசிக்கும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் கனகு அண்ணை முதலிலிருந்து கதை சொல்கிறார். ஒவ்வொரு முறையும் மேகம் கொஞ்சம் பெரிதாகிறது.

அம்மாவிடம் கேட்டேன், “அத்தன தாள் இருக்கையில அதையா கிழிக்கணும்?”

“செவப்பு செவப்பா போட்டிருந்துச்சு. நல்ல பக்கமுன்னு நெனச்சேன்” என்றார் அம்மா.

அப்பாவோ துறைமுக வாசலில் கதையைத் தன் வசதிக்கு மாற்றிவிட்டார். அவர் சொல்வதில் பொட்டலமும் இல்லை, பில்ட்டரும் இல்லை. “எம் மக தொட்டா ஏசியில துன்னூறு கொட்டும்” என்பதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது தேடினால், “நீ கை வச்ச எடத்தப் பாத்தியா?” என்றுதான் இன்றும் கேட்பார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

போன மாதம், ஹைபிரிட் கார்களின் ஏசி திருத்தும் மேல் வகுப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். நுகேகொடையில், சனிக்கிழமைகளில், முழுக்கச் சிங்களத்தில். முதல் நாள் அம்மா வழக்கம்போல ஒரு பொட்டலம் தந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் முடிச்சை அவிழ்த்து, சுற்றியிருந்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். ஏழாம் வகுப்புக் கணிதம், பத்துக்கு மூன்று. அதே பஸ்ஸில் அந்தக் கணக்குகளைத் திரும்பச் செய்து, பத்தும் சரி வந்த பிறகுதான் பொட்டலத்தைக் கட்டினேன். வகுப்பில் இரண்டாவது வரிசையில் இடம் பிடித்திருக்கிறேன். என் முதல் பாடம் பஸ்ஸிலேயே முடிந்துவிட்டது.